தேசாரு போறோம்: ரிப் கரண்ட்டைக் கரையிலிருந்தே கண்டுபிடிக்க முடியுமா?

#1 பொங்கோல்_அப்பா

வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு 2 குடும்பமா சிங்கப்பூர்ல இருந்து மலேசியாவுல ஜொகூர் பக்கம் இருக்கிற தேசாரு கடற்கரைக்குப் போறோம். பெரியவங்க 4 பேர், பிள்ளைங்க 5 பேர், 6 வயசுல இருந்து 14 வரை. எல்லாப் பிள்ளைங்களும் ஸ்விம்சேஃபர் நீச்சல் பயிற்சி முடிச்சவங்க. செந்தோசா, ஈஸ்ட் கோஸ்ட் கடல்ல பயமில்லாம நீந்துவாங்க. ஆனா தேசாருல "ரிப் கரண்ட்", அதாவது ஆளைக் கரையை விட்டு வெளியே இழுத்துட்டுப் போற நீரோட்டம், இருக்கும்னு சொல்றாங்க.

என் கேள்விங்க: கரையில நின்னே அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? மாட்டிக்கிட்டா "பக்கவாட்டில் நீந்து"ன்னு சொல்றாங்களே, அது போதுமா? முழங்கால் தண்ணியில நிக்கிறது பாதுகாப்பா? பொங்கலுக்கு சென்னையும் கன்னியாகுமரியும் போறோம், அங்கேயும் இதே கதைதானா?

#2 ஓதமானி

வணக்கம் அண்ணே. பிள்ளைகளின் நீச்சல் தேசாருவில் கைகொடுக்கும். செந்தோசாவில் பழகிய கடல் பழக்கம் கைகொடுக்காது. இரண்டு இடத்திலும் தண்ணீரை நகர்த்தும் விசையே வேறு.

சிங்கப்பூரைச் சுற்றி ஜொகூர், சுமத்ரா, ரியாவ் தீவுகள் எல்லாம் வேலி போட்டது மாதிரி நிற்கின்றன. அலை வளர வேண்டுமென்றால் காற்றுக்கு நீண்ட திறந்த கடல் வேண்டும். இங்கே அது கிடையாது. அதனால்தான் ஈஸ்ட் கோஸ்ட் அலை பெரும்பாலும் முழங்கால் உயரம்கூட வருவதில்லை. ஆனால் ஓதம், அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி வற்றுவது, பெரியது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் கிட்டத்தட்ட 3 மீட்டர் வித்தியாசம் இருக்கும். அவ்வளவு தண்ணீரும் குறுகலான நீரிணை வழியாகத்தான் வந்து போக வேண்டும். ஆகவே நம் ஊரில் ஆளை இழுப்பது ஓத நீரோட்டம். பெரும்பாலும் கரையை ஒட்டி நீளவாக்கில் ஓடும். அலையே இல்லாமல் கடல் கண்ணாடி போல இருக்கும் நாளிலும் ஓடும்.

தேசாரு தென்சீனக் கடலுக்கு முகம் கொடுத்து இருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தடையே இல்லாமல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடலைக் கடந்து வந்து அடிக்கிறது. அலை உயரமாக வரும், வந்து மணல்திட்டில் உடையும். ரிப் பிறப்பது அந்த உடைப்பில்தான்.

உடையும் அலை நுரையோடு தண்ணீரையும் சேர்த்துக் கரைப்பக்கம் தள்ளுகிறது. ஒன்றரை மீட்டர் அலை தொடர்ந்து உடைந்தால் கரையோர நீர்மட்டம் ஏறக்குறைய ஒரு சாண் உயர்ந்து நிற்கும். அப்படிக் குவிந்த தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். மணல்திட்டு எல்லா இடத்திலும் ஒரே உயரமாக இருக்காது. எங்கே தாழ்வோ, அங்கே இரண்டு பக்கத் தண்ணீரும் வந்து சேர்ந்து ஒரே வாயாகப் பாயும். மொட்டை மாடியில் தேங்கிய மழைநீர் ஒரு மூலைக் குழாயைத் தேடிப் போவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். பாயப் பாய அந்த வாயின் மணல் அரித்து இன்னும் ஆழமாகும். இந்த ஓட்டம்தான் ரிப் கரண்ட். அகலம் பெரும்பாலும் 10 முதல் 30 மீட்டர்.

சாதாரண நாளில் வேகம் வினாடிக்கு அரை மீட்டர் அளவில் இருக்கும். அலைக்கூட்டம் பெரிதாக வரும்போது திடீரென்று கூடி 2 மீட்டரைத் தாண்டும். ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்துகிறவர்களின் வேகமே வினாடிக்கு இரண்டு மீட்டரும் கொஞ்சமும்தான். நம்மில் பெரும்பாலோர் ஒரு மீட்டருக்கும் கீழே. எதிர்த்து நீந்தி ஜெயிக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

#3 பெடோக்_தூண்டில்

நல்ல விளக்கம். ரிப் டைட், கீழிழுப்பு இதெல்லாமும் ஒண்ணுதானே? வற்று நேரத்துல தண்ணி வெளியே போறப்ப ஆளையும் கீழே இழுத்துட்டுப் போயிடும்னு சின்ன வயசுல இருந்து கேட்டிருக்கேன்.

#4 ஓதமானி

ஒன்றல்ல, அண்ணே. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஃபிரான்சிஸ் ஷெப்பர்ட் என்ற அமெரிக்கக் கடலியலாளர் 1936-இலேயே "ரிப் கரண்ட்" என்று தனிப்பெயர் வைத்தார். டைட் என்பது ஓதம், நிலாவும் சூரியனும் இழுப்பதால் வருவது. ரிப்புக்கு அலை உடைய வேண்டும். ஓதம் அதைக் கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான். வற்றுக்குப் பக்கத்தில் மணல்திட்டின் மேல் தண்ணீர் குறைவாக இருப்பதால் அலை நன்றாக உடையும், திரும்பும் நீரும் வாய்க்காலுக்குள் ஒடுங்கிப் பாயும். அதனால் பல கடற்கரைகளில் ரிப் வற்று நேரத்தில் வலுவாக இருக்கும்.

"கீழே இழுக்கும்" என்பதை மட்டும் தயவுசெய்து பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். ரிப் ஆளைக் கடலை நோக்கி வெளியே கொண்டு போகும். அடியில் அமுக்காது. காலடித் தரை நழுவியதும் பயந்து, எதிர்த்து நீந்திக் களைத்து, அலை முகத்தில் அடிக்க மூச்சுக்குப் பதில் தண்ணீரை இழுத்து, அப்படித்தான் ஆள் மூழ்குகிறார். கீழே இழுக்கும் என்று நம்புகிற பிள்ளை, மிதந்தாலே போதும் என்ற நேரத்தில் கையைக் காலை உதைத்துத் தன் தெம்பைத் தானே தீர்த்துக்கொள்ளும்.

#5 கரைக்காவல்

கண்டுபிடிக்கும் முறைக்கு வருகிறேன். உயிர்காப்புப் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பது இதுதான். கடற்கரைக்குப் போனதும் பையை இறக்கிவிட்டு, யாரும் தண்ணீரில் கால் வைக்காமல் 10 நிமிடம் பாருங்கள். ஏன் 10? அலை ஒரே சீராக வராது. சில நிமிடம் சின்ன அலை, அப்புறம் ஐந்தாறு பெரிய அலை கூட்டமாக வரும். ரிப் வலுவடைவது அந்தக் கூட்டம் உடைந்த பிறகுதான். 2 நிமிடம் மட்டும் பார்த்தால் கடல் தூங்குகிற நேரத்தைப் பார்த்துவிட்டுப் போவீர்கள்.

தண்ணீர் ஓரத்தில் நின்றால் ஒன்றும் தெரியாது. மேடான இடம் வேண்டும். ஹோட்டலின் இரண்டாம் மாடி வராந்தா, மணல்மேடு, உயிர்காப்பாளர் கோபுரத்தின் பக்கம், எதுவானாலும் சரி. போலராய்டு கண்ணாடி இருந்தால் தண்ணீர்மேல் பளபளப்பு குறைந்து அடிநிறம் தெரியும்.

பார்க்க வேண்டியது: வெள்ளை நுரை வரிசையில் ஒரு ஓட்டை. இடப்பக்கமும் அலை உடைகிறது, வலப்பக்கமும் உடைகிறது, நடுவில் 15, 20 மீட்டருக்கு உடையவே இல்லை, தண்ணீர் கருமையாக இருக்கிறது என்றால் அங்கே ஆழம் அதிகம் என்று பொருள். வாய்க்கால் அதுதான். சில சமயம் மேற்பரப்பு மட்டும் சிலுசிலுவென்று சிற்றலையாக இருக்கும். சில சமயம் மணல் கலங்கித் தேநீர் நிறத்தில் ஒரு பட்டை கடலை நோக்கிப் போய், அலை உடையும் கோட்டுக்கு அப்பால் காளான் தலை மாதிரி விரியும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு நுரைத்திட்டையோ மிதக்கும் இலையையோ குறி வைத்துக் கண்ணை எடுக்காமல் பாருங்கள். மற்ற இடத்தில் நுரை கரைக்கு வரும். ரிப்பில் அது கரையை விட்டு விலகிப் போகும். இதைவிட நம்பகமான அடையாளம் எனக்குத் தெரிந்து இல்லை. மேக நிழலும் அடிப்பாறையும்கூடக் கருமையாகத் தெரியும், ஆனால் நுரையை வெளியே கொண்டு போகாது.

#6 தெம்பனிஸ்_மாலா

ஒரு சந்தேகம். அலை உடையாத இடம் அமைதியா இருக்கே, சின்னப் பிள்ளைங்களை அங்கே இறக்கறதுதானே நல்லதுன்னு தோணும்? எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான் இடம் பார்ப்பாங்க.

#7 கரைக்காவல்

மாலாக்கா, இந்தக் கேள்விக்காகவே இந்த இழையை எல்லாரும் படிக்க வேண்டும். நீங்கள் சொன்னதைத்தான் கிட்டத்தட்ட எல்லாப் பெற்றோரும் செய்கிறார்கள். செந்தோசாவில் அது சரி, ஏனென்றால் அங்கே அமைதி என்பது கல்தடுப்பு கொடுத்த அமைதி. அலை அடிக்கும் திறந்த கடற்கரையில், நடுவில் மட்டும் ஒரு துண்டு அமைதியாக இருந்தால் அதற்குக் காரணம் ஆழம். ஆழமான இடம் வழியாகத்தான் தண்ணீர் திரும்பி ஓடும்.

பிள்ளைகளிடம் ஒரே வரியில் சொல்லுங்கள்: "வெள்ளைத் தண்ணியில விளையாடு, கருப்புத் தண்ணிக்குப் போகாதே." வெள்ளைத் தண்ணீர் கரைக்குத் தள்ளும். ஆனால் அலை பெரிதாக இருந்தால் வெள்ளைத் தண்ணீரும் ஆளைப் புரட்டிப் போடும். அந்த நாளில் நீச்சல் குளம்தான்.

இன்னொன்று: கடலுக்குள் நீண்ட பாறை, கல்தடுப்பு, படகுத்துறை இவற்றின் ஓரம். கரையோரமாக ஓடி வரும் நீர் அதில் முட்டிக் கடல்பக்கம் திரும்பும். இங்கே ரிப்பைத் தேடவே வேண்டாம், இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நன்றாக விலகி இருங்கள். நுரையில் ஓட்டை எதுவும் தெரியாத இடத்தில் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மட்டும் தோன்றி மறையும் ரிப்பும் உண்டு. அதை முன்கூட்டியே பார்த்துச் சொல்வது கடினம். கடற்கரையில் உயிர்காப்பாளர் இருக்க வேண்டும் என்று நாங்கள் அடித்துச் சொல்வது அதனால்தான்.

#8 பொங்கோல்_அப்பா

புகைப்படம் எடுக்கவே அந்த அமைதியான இடத்துல நிறுத்துவோம். நல்லவேளை கேட்டேன். மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்? பக்கவாட்டுதானே?

#9 நீரியல்_மாணவர்

இதில் நிபுணர்களே முழுதாக ஒத்துப்போகவில்லை, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய படத்தில் ரிப் என்பது நேராகக் கடலுக்குப் போகும் ஓர் ஆறு. அதனால் "கரைக்கு இணையாக நீந்தி ஆற்றிலிருந்து வெளியேறு" என்றார்கள். ஜேமி மக்மேஹன் குழுவினர் ஜிபிஎஸ் பொருத்திய மிதவைகளை ரிப்பில் விட்டுப் பார்த்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 80 முதல் 90 விழுக்காட்டு மிதவைகள் அலை உடையும் பகுதியை விட்டு வெளியே போகவே இல்லை. வட்டமாகச் சுழன்று சில நிமிடங்களில் மணல்திட்டின் மேல் திரும்பி வந்தன. "அப்படியானால் சும்மா மிதந்தாலே போதும்" என்று ஒரு கட்சி உருவானது.

பின்னர் ஆஸ்திரேலியாவில் ராப் பிராண்டர் உள்ளிட்டோர் மிதவைகளோடு ஆள்களையும் விட்டுச் சோதித்தார்கள். சில கடற்கரைகளில், சில நாள்களில், மிதந்தவர் வெளியே போய்விட்டார். பக்கவாட்டில் நீந்தியவருக்கும் சிக்கல் வந்தது. சுழலின் ஒரு பக்கம் அவரைக் கரைக்கு உதவியாகத் தள்ளும், மறுபக்கம் எதிர்த்துத் தள்ளும். தவறான பக்கம் திரும்பினால் ட்ரெட்மில்லில் ஓடுவது போலத்தான். ஆகவே எந்த ஒரு வழியும் எல்லா இடத்திலும் வேலை செய்யாது.

#10 கரைக்காவல்

மாணவர் சொன்னது சரி. ஆனால் தண்ணீரில் தத்தளிக்கிறவருக்கு ஆய்வின் முடிவைச் சொல்ல முடியாது, வரிசை ஒன்றைத்தான் சொல்ல முடியும். நான் சொல்லும் வரிசை:

முதலில் மிதக்கணும். மல்லாந்து, காது தண்ணீரில் படும்படி தலையைப் பின்னால் சாய்த்து, கைகளை விரித்து. மூச்சு சீராகும் வரை வேறெதையும் யோசிக்க வேண்டாம். கால் எட்டுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். எட்டினால் நீந்தாமல் நடந்தே பக்கவாட்டில் வெளியேறலாம். எட்டாவிட்டால் ஒரு கையை உயர்த்தி உயிர்காப்பாளருக்குக் காட்டுங்கள்.

உதவி வரும் வாய்ப்பு இல்லை, தெம்பு இருக்கிறது என்றால் பக்கவாட்டில், அலை வெள்ளையாக உடையும் இடத்தை நோக்கி மெதுவாக நீந்துங்கள். ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக் நல்லது, தலை மேலே இருக்கும், முன்னால் தெரியும். 20, 30 முறை கைவீசியும் கரையில் நீங்கள் குறிவைத்த மரமோ குடையோ நகரவில்லை என்றால் சுழல் எதிர்க்கிறது. விடுங்கள், மிதந்திருங்கள், மறுபக்கம் முயலுங்கள். வெள்ளைத் தண்ணீருக்கு வந்துவிட்டால் அலை தள்ளுவதோடு சேர்ந்து சாய்வாகக் கரைக்கு வாருங்கள்.

6 வயதுப் பிள்ளைக்கு இதில் முதல் பகுதி மட்டும் போதும்: "மல்லாந்து மித, கையைத் தூக்கு, கத்து." குளத்திலேயே உடுப்போடு 2 நிமிடம் மிதந்து பழகச் சொல்லுங்கள்.

#11 நீரியல்_மாணவர்

முழங்கால் தண்ணீர் கேள்விக்குக் கணக்காகவே பதில் சொல்லலாம். வெள்ளத்தில் மனிதர் நிற்க முடியுமா என்று பார்க்க ஆஸ்திரேலியாவில் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஆழத்தை மீட்டரிலும் வேகத்தை வினாடிக்கு மீட்டரிலும் எடுத்துப் பெருக்க வேண்டும். பெருக்கல் 0.4-ஐத் தாண்டினால் பிள்ளைகளுக்கு ஆபத்து, 0.6-ஐத் தாண்டினால் பெரியவர்களுக்கு ஆபத்து.

பெரியவரின் இடுப்பளவு என்பது ஏறக்குறைய 0.9 மீ. நீர் 0.7 வேகத்தில் ஓடினால் 0.63, கால் பிடிக்காது. அதே ஓட்டத்தில் பெரியவருக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, 0.6 மீ. ஆழத்தில், 0.42 வருகிறது. பெரியவர் நிற்பார், கையைப் பிடித்திருக்கும் பிள்ளை நிற்காது. "நான் நிக்கிறேனே, உனக்கென்ன" என்று சொல்வதில் உள்ள ஆபத்து இதுதான். இந்த அளவுகோல் சீராக ஓடும் வெள்ளத்துக்கு வைத்தது. கடலில் அலை வேறு வந்து ஒரு நொடி ஆளைத் தூக்கிவிடும், காலடி மணலும் அரிபடும். ஆகவே எண்ணுக்குக் கீழே இருப்பதாலேயே நிம்மதி அடைய வேண்டாம்.

பிள்ளைக்கு அதன் முழங்கால் அளவு, பெரியவர் கை எட்டும் தூரம், பெரியவர் கடல்பக்கம் நிற்பது. இதுவே என் பரிந்துரை.

#12 பெடோக்_தூண்டில்

நம்ம ஊர் பக்கம் யாரும் பேசலையே. ஈஸ்ட் கோஸ்ட் பூரா கல்தடுப்பு. அங்கே ரிப் வராதா? லாசரஸ், செயின்ட் ஜான்ஸ் தீவுப் பக்கம் நீந்தறவங்களும் நிறைய.

#13 ஓதமானி

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை கடலை மேடாக்கி எடுத்த நிலம். அங்கங்கே கல்மேடுகளைப் போட்டு, இடையில் மணல் பிறை வடிவில் தங்கும்படி செய்திருக்கிறார்கள். பிறைக்குள் அமைதி. வினை கல்மேட்டின் முனையில்தான். உள்ளே நீந்திக்கொண்டே முனையைத் தாண்டினால் திடீரென்று ஓத நீரோட்டத்தில் நிற்பீர்கள். இதற்கு ரிப் பாடம் அப்படியே பொருந்தாது என்பதைக் கவனியுங்கள். ஓத ஓட்டம் கரைக்கு இணையாக ஓடுகிறது, எனவே "இணையாக நீந்து" என்றால் ஒன்று ஓட்டத்தோடு போவீர்கள், இல்லை எதிர்த்துக் களைப்பீர்கள். இங்கே செய்ய வேண்டியது: ஓட்டம் உங்களைப் பக்கவாட்டில் கொண்டு போகட்டும், நீங்கள் குறுக்காகக் கரையை நோக்கி நீந்துங்கள். இறங்கிய இடத்தில் ஏற வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம், அடுத்த பிறையில் ஏறிக்கொள்ளலாம். கல்மேட்டிலேயே ஏற முயலாதீர்கள். பாசியும் சிப்பியும் கையைக் காலைக் கிழிக்கும்.

ஓத அட்டவணையைப் பார்க்கிற பழக்கம் வர வேண்டும். தீவுகளுக்குப் போகிறவர்களுக்குக் கட்டாயம். ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கு ஏறக்குறைய 6 மணி நேரம் என்றால், நீர்மட்டம் ஒரே சீராக இறங்காது. மொத்தத்தைப் 12 பங்காக்கினால் முதல் மணியில் 1 பங்கு, அடுத்து 2, 3, 3, 2, 1. மொத்த வித்தியாசம் 3 மீ. என்றால் முதல் மணியில் 25 செ.மீ. இறங்கும், மூன்றாம் மணியிலும் நான்காம் மணியிலும் 75 செ.மீ. இறங்கும். அந்த நடு 2 மணி நேரத்தில் மட்டும் பாதித் தண்ணீர் போய்விடுகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஏற்றம் உச்சிக்கு வந்த நிமிடம்தான் ஓட்டம் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சிங்கப்பூர் நீரிணைக்கு ஒரு பக்கம் தென்சீனக் கடல், மறுபக்கம் மலாக்கா நீரிணை. இரண்டின் ஓதமும் இங்கே சந்திக்கின்றன. அதனால் ஓட்டம் திரும்பும் நேரமும் நீர்மட்டம் திரும்பும் நேரமும் ஒன்றாக இருக்காது. உயர அட்டவணையை வைத்து ஓட்டத்தை முடிவு செய்யாதீர்கள். கடலில் நங்கூரமிட்ட படகு எந்தப் பக்கம் முகம் காட்டுகிறது, மிதவையின் எந்தப் பக்கம் தண்ணீர் சுருள்கிறது என்று பாருங்கள். நீந்தும் நேரத்தைக் கண்ணால் பார்த்ததை வைத்தே முடிவு செய்யலாம்.

கப்பல் அலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபெர்ரியோ பெரிய கப்பலோ தாண்டிப் போய் நாம் மறந்த பிறகுதான் அதன் அலை கரைக்கு வரும். தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு வயதுக் குழந்தையை உருட்ட அது போதும்.

#14 தெம்பனிஸ்_மாலா

காற்றடைத்த கைவளையம், ஃபிளமிங்கோ மிதவை எல்லாம் தேசாருவுக்கு எடுத்துட்டுப் போகலாமா?

#15 கரைக்காவல்

வேண்டாம், அக்கா. கரையிலிருந்து கடல்பக்கம் வீசும் மெல்லிய காற்றே அதைப் பாய்மரம் மாதிரி இழுத்துப் போகும். அலையில் கைவளையம் கழன்று வரும். மிதக்க வைக்கும் விசையை நியூட்டன் அளவில் அச்சிட்ட உயிர்காப்பு அங்கி வாங்குங்கள். 50 நியூட்டன் என்பது நீந்தத் தெரிந்தவருக்கு, அதுவும் உதவி பக்கத்தில் இருக்கும்போது. மயங்கினால் முகத்தைத் திருப்பாது. நீந்தத் தெரியாத பிள்ளைக்கு 100-க்குக் குறையாமல், கழுத்துப்பட்டையும் கால் இடைவாரும் உள்ளதாக. போட்டதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அளவு பெரிது.

அங்கியைப் போட்டிருந்தாலும் ரிப் கொண்டு போகும். மிதக்க வைக்கும், அவ்வளவுதான்.

#16 பெடோக்_தூண்டில்

ஒருத்தர் மாட்டிட்டா கூட வந்தவங்க என்ன பண்றது? சும்மா பார்த்துட்டு நிக்க மனசு வராதே.

#17 கரைக்காவல்

மனசு வராதுதான். அதனால்தான் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று உயிர் போகிறது. பிள்ளை எப்படியோ மிதந்து தப்பிக்கிறது, பின்னால் குதித்த அப்பாவோ மாமாவோ திரும்புவதில்லை. மூழ்குகிறவர் கழுத்தைக் கட்டிப் பிடிப்பார், அவருக்கு அது கட்டுப்பாட்டில் இல்லை. வெறுங்கையோடு இறங்காதீர்கள். இது ஒன்றை மட்டும் உங்கள் குழுவில் எல்லாரிடமும் வாக்குறுதியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் இருப்பவருக்குத் தலையை மேலே வைக்க 4, 5 கிலோ மிதப்பு போதும். மூடி இறுக்கிய 5 லிட்டர் காலித் தண்ணீர் புட்டி ஏறக்குறைய 5 கிலோ மிதப்பு தரும், அதாவது 50 நியூட்டன். ஐஸ் பெட்டி, பாடிபோர்டு, பந்து எதுவும் ஆகும். காலிப் புட்டியை அப்படியே எறிந்தால் காற்று அடித்துப் போகும். ஒரு டம்ளர் அளவு தண்ணீர் விட்டு மூடி எறிந்தால் நேராகப் போகும். 15, 20 மீட்டர் மிதக்கும் கயிறு ஒன்று பையில் இருக்கட்டும்.

ஒருவர் எறிய வேண்டும், ஒருவர் உயிர்காப்பாளரை அழைக்க வேண்டும், ஒருவர் கை நீட்டி மூழ்குகிறவரைச் சுட்டிக்கொண்டே நிற்க வேண்டும், கண்ணை எடுக்கக் கூடாது. அலையில் ஒரு தலை 5 நொடியில் தொலைந்துவிடும். மலேசியாவில் 999, இங்கே 995, தமிழ்நாட்டில் 108 அல்லது 112.

மூழ்குகிறவர் கத்துவார், கையசைப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். வாய் நீர்மட்டத்தில் மேலும் கீழுமாக இருக்கும், தலை பின்னால் சாயும், கைகள் பக்கவாட்டில் ஏணி ஏறுவது போலத் தண்ணீரை அமுக்கும், சத்தமே வராது. அந்த நிலையில் 20 முதல் 60 வினாடிதான். "சரியா இருக்கியா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில்.

#18 நெல்லைக்_கரை

கன்னியாகுமரி கேட்டிருந்தீங்க, அதுக்கு நான் சொல்றேன். அங்கே ரிப்போட இன்னொண்ணும் சேரும்: கள்ளக்கடல். கேரள மீனவர் வச்ச பேரு. கள்ளன் மாதிரி சத்தமில்லாம வர்ற கடல்னு அர்த்தம். 2012-ல யுனெஸ்கோவே இந்தச் சொல்லை ஏத்துக்கிச்சு. தெற்கு இந்தியப் பெருங்கடல்ல, பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி அடிக்கிற புயல்ல பிறக்கிற நீள அலை, சில நாள் பயணம் பண்ணி நம்ம கரைக்கு வரும். இங்கே காத்தும் இருக்காது, மேகமும் இருக்காது, வானம் பளிச்சுன்னு இருக்கும். கடல் மட்டும் திடீர்னு ஏறும்.

அலைக்கு அலை இடைவெளி நீளமா இருக்கும். ஒரே உயரத்துல 7 வினாடி அலையும் 14 வினாடி அலையும் வந்தா, பின்னது கரைக்குக் கொண்டு வர்ற ஆற்றல் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. உயரத்தைப் பார்த்து மட்டும் எடை போடாதீங்க. ஒரு அலை உச்சியில இருந்து அடுத்த உச்சி வரை கடிகாரத்துல எண்ணுங்க. 12-க்கு மேல வந்தா பாறையிலயும் தண்ணி ஓரத்துலயும் நிக்காதீங்க.

2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில 5 மருத்துவ மாணவர்கள் மூழ்கி இறந்தது இப்படிப்பட்ட எச்சரிக்கை அமல்ல இருந்த சமயத்துலதான். ஏப்ரல், மே மாசம் அதிகம், மத்த மாசமும் வரும். ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை போடும். போற அன்னைக்குக் காலையில பார்த்துட்டுப் போங்க. போலீஸ்காரர் "இறங்காதீங்க"ன்னா வாதாடாம திரும்பிடுங்க.

சென்னை மெரினாவுல குளிக்கவே தடை. கரை செங்குத்தா சரியும், அலை கரையை ஒட்டியே மடங்கி உடையும். இரண்டடி எடுத்து வைக்கிறதுக்குள்ள ஆழம். பொங்கல் சமயம் வாடைக்காத்துல நீரோட்டம் வடக்கே இருந்து தெற்கே ஓடும், அதாவது நீங்க செருப்பு விட்ட இடத்துல இருந்து தெற்கே நகர்ந்துகிட்டே இருப்பீங்க. காலை நனைக்கிறதோட நிறுத்திக்கிறது உத்தமம்.

#19 ஓதமானி

நெல்லைக் கரை சொன்ன பருவக் கணக்கை இங்கிருந்து போகும் மற்ற இடங்களுக்கும் நீட்டலாம். இந்தோனேசியாவின் பிந்தான் தீவில் லாகோய் வடக்கே பார்த்தது, திரிக்கோரா கிழக்கே பார்த்தது, இரண்டுக்கும் தேசாரு மாதிரி வடகிழக்குப் பருவம்தான் சோதனை. மலேசியாவின் தியோமான் தீவில் கிழக்குப் பக்க ஜுவாராவில் அலை அடிக்கும்போது மேற்குப் பக்க தெக்கேக் அமைதியாக இருக்கும். புக்கெட்டின் கத்தா, காரோன் நேர்மாறு: மே முதல் அக்டோபர் வரைதான் சிவப்புக் கொடி அதிகம். கரை எந்தத் திசையைப் பார்க்கிறது, அந்த மாதம் காற்று எங்கிருந்து வருகிறது என்ற இரண்டையும் வரைபடத்தில் பொருத்திப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

கொடி: சிவப்பு-மஞ்சள் கொடிகள் இரண்டு நட்டிருந்தால் அவற்றுக்கு இடையில் மட்டும். தனிச் சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. கொடியே இல்லை என்றால் பாதுகாப்பு என்று பொருள் அல்ல, பார்க்க ஆள் இல்லை என்று பொருள்.

#20 பொங்கோல்_அப்பா

எல்லாருக்கும் நன்றி. ஹோட்டல்ல உயிர்காப்பாளர் எத்தனை மணி வரைன்னு கேட்டுட்டுத்தான் பிள்ளைங்களை இறக்குவேன். கடைசியா ஒண்ணு: தூக்கிட்டு வந்த பிறகு என்ன செய்யணும்? வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்கணுமா?

#21 கரைக்காவல்

வயிற்றை அமுக்கவே கூடாது, தலைகீழாகவும் பிடிக்கக் கூடாது. வாந்தி வந்து நுரையீரலுக்குள் போகும், நேரமும் வீணாகும். மூச்சில்லை என்றால் முதலில் கொடுக்க வேண்டியது மூச்சு, ஏனென்றால் இவருக்குத் தீர்ந்தது காற்று. ஐரோப்பிய வழிகாட்டுதலில் தொடக்கத்தில் 5 மூச்சு, அமெரிக்க வழிகாட்டுதலில் 2. பிறகு 30 அமுக்கு, 2 மூச்சு. நெஞ்சு நடுவில், பெரியவருக்கு 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. வாயில் நுரை வந்துகொண்டே இருக்கும், அதைத் துடைத்துக்கொண்டிருக்காமல் மூச்சைத் தொடருங்கள். இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவி வந்தால் நெஞ்சைத் துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

எழுந்து உட்கார்ந்து பேசுகிற பிள்ளையையும் விட்டுவிடாதீர்கள். தண்ணீர் குடித்த பிறகு இருமல் நிற்கவில்லை, மூச்சு வேகமாக இருக்கிறது, விலா உள்ளே இழுக்கிறது, அசதியாகத் தூங்கப் பார்க்கிறது என்றால் அன்றே மருத்துவமனை. ஒன்றும் இல்லாவிட்டாலும் அடுத்த 8 மணி நேரம் யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். தேசாருவிலிருந்து மருத்துவமனை எவ்வளவு தூரம், எந்தச் சாலை என்று கிளம்புவதற்கு முன்னாலேயே கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள், அண்ணே.